ராத்திரி ஷிஃப்டில் ஒரு சோதனை

தோழர்களே, நான் வங்கி கிளார்க். கணக்கு நேராகாமல் கையெழுத்துப் போட்டா எங்க மேனேஜர் சும்மா விடமாட்டார். செர்னோபில் அணுமின் நிலையத்தில் கையெழுத்து முதலில் விழுந்தது, சோதனை பிறகுதான்.

கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் முழு வேகம் பிடிக்க ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதுவரை உலையைக் குளிர்விக்கிற பம்புகள் எதில் ஓடும்? நீராவியை நிறுத்திய பின்னும் சுழல்கிற டர்பைன் கொடுக்கும் என்றார்கள். காகிதத்தில் சரி. 1982, 1984, 1985 என்று சோதித்தும் தேறவில்லை. இதற்கிடையே 1983 டிசம்பரிலேயே நான்காம் அலகை ஓட்டிவிட்டார்கள்.

மறுசோதனை 1986 ஏப்ரல் 25 பகலில் நடந்திருக்க வேண்டும். கரண்ட் தேவை என்று கீவ் மின்கட்டுப்பாட்டு அறை தள்ளிப்போட்டது. தயாராயிருந்த பகல் ஷிஃப்ட் வீட்டுக்குப் போச்சு. வேலை ராத்திரி ஷிஃப்ட்காரங்க தலையில் விழுந்தது. உலையை இயக்கிய பையனுக்கு 25 வயசு. 1.23க்குத் தொடங்கிய சோதனை, ஒரு நிமிஷத்துக்குள் உலை வெடித்தது. மூன்று வாரத்தில் கதிர்வீச்சில் அந்தப் பையன் செத்தான்.

அந்த ஆகஸ்டிலேயே வியன்னாவில் சோவியத் அரசு பழியை ஆப்பரேட்டர்கள் மேல் போட்டது. உலையை நிறுத்த இறக்கும் தண்டுகளே முதல் விநாடிகளில் அதை முடுக்கிவிடும் என்பது மேலே இருந்தவர்களுக்கு முன்பே தெரியும். 1992இல்தான் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு வடிவமைப்பின் குற்றத்தை முன்னால் வைத்து எழுதியது.

ஆலைத் தோழர்கள் வந்திருக்கீங்க. உங்க ஜெனரேட்டர் சோதனைப் பதிவேட்டில் தேதியோடு நிற்காதீங்க. நிஜ லோடு ஏற்றினார்களா, எந்த ஷிஃப்டில், யாரை நிறுத்தி? கேளுங்க.