நெல்வயலும் மூளைக் காய்ச்சலும்

(ஆய்க்குடியில் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



மூளையையும் அதன் உறையையும் தாக்கும் நோய்கள் பல. அவற்றுள் நெல்வயலோடு தொடர்புடையது ஜப்பானிய மூளைக் காய்ச்சல். இந்தியாவில் இந்நோய் 1955ஆம் ஆண்டில் நம் மாநிலத்து வேலூர்ப் பகுதியிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

இதன் கிருமி கொக்கு, நாரை முதலிய பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் பெருகுகிறது. வயல்நீரில் பிறக்கும் க்யூலெக்ஸ் கொசு அதனை நம் குழந்தைகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. ஆகவே நோயுற்றோர் வீட்டை ஒதுக்குதல் தகாது. கிருமி புகுந்தோரில் மிகச் சிலருக்கே நோய் முற்றுகிறது. முற்றினாலோ, பத்தில் மூவர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் பலர் கைகால் முடங்குவர். இதற்கெனத் தனி மருந்து இல்லை, காப்பே வழி.

நாற்று வேர்பிடித்தபின் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுங்கள். வயல் காயும்போது கொசுப்புழு மடியும், நீரும் மிச்சமாகும். பன்றிக் கொட்டில்கள் குடியிருப்புக்குத் தொலைவில் அமையப் பஞ்சாயத்து ஆவன செய்க. அந்தி முதல் விடியும்வரை குழந்தைகளுக்குக் கொசுவலை வேண்டும். தடுப்பூசி பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டறியுங்கள்.

கடுங்காய்ச்சலுடன் வலிப்பு, பிதற்றல், கழுத்து விறைப்பு கண்டால், மந்திரிப்பதில் பொழுதைப் போக்காதீர்கள். 108ஐ அழைத்து உடனே மருத்துவமனையில் சேருங்கள். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிக்க மருத்துவர் கேட்டால் அஞ்சி மறுக்க வேண்டா. பாக்டீரியாவால் வரும் மூளை உறை அழற்சியாயின், குணமாக்கும் மருந்து உண்டு; தாமதம்தான் உயிரைக் கொள்ளும். எந்நோய் என்று அறிவது மருத்துவர் கடமை. விரைந்து சேர்ப்பது நம் கடமை.