மூன்றாவது சாவி

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாதாந்திரக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் ஆற்றிய உரை)



"எரிமலை ஏறிட்டு வந்தீங்களாமே சார், அதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஏறினேன் என்று லிஃப்டில் பலரிடம் நானே சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். நம் நடைப்பயிற்சிக் குழுவில் மூன்று பேர் பாலி போகத் திட்டம் போடுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் மீதிப் பாதியையும் சொல்லிவிடுவது என் கடமை என்று தோன்றியது.

எரிமலை என்றதும் எங்கோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்கிறோம். நம் நாட்டிலும் உயிரோடு ஒன்று இருக்கிறது. அந்தமானில் பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். கடலுக்கு மேலே தெரியும் உயரம் 354 மீட்டர்தான். கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு சும்மா இருந்துவிட்டு 1991-ல் வெடித்தது. அதற்குப் பிறகும் அவ்வப்போது புகைந்துகொண்டே இருக்கிறது. எல்.டி.சி.யில் அந்தமான் போனபோது அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. மனிதர்கள் வசிக்காத தீவு, சுற்றுலாப் பயணிகள் கால் வைக்க முடியாது, கப்பலிலிருந்து தூரத்தில் பார்ப்பதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆசை அப்படியே மனதில் தங்கிவிட்டது.

2024 ஜூலையில் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். "அப்பா, பாலிக்குப் போகலாம், அங்கே பாத்தூர்னு ஒரு எரிமலை இருக்கு, ஏறலாம்" என்றாள். எனக்கு அப்போது வயது 64.

பாத்தூர் 1,717 மீட்டர் உயரம். ஏற்காடு, ஏலகிரி எல்லாம் பார்த்த நமக்கு இது பெரிய உயரமாகத் தெரியாது. ஒரு பெரிய பழைய எரிமலை உள்வாங்கி, அகலமான கிண்ணம் மாதிரி ஆகியிருக்கிறது. அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு ஏரி, ஏரிக்கரையில் கிராமங்கள், வெங்காயம், தக்காளி, கோஸ் வயல்கள், நடுவில் இந்த மலை. 1926-ல் வெடித்தபோது பாத்தூர் கிராமத்தையும் கோயிலையும் எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. ஊரையும் கோயிலையும் கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே கொண்டுபோய் மறுபடி கட்டிக்கொண்டார்கள். கடைசியாக வெடித்தது 2000-ல்.

இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு அரசாங்கம் நான்கு எச்சரிக்கை நிலைகள் வைத்திருக்கிறது. முதல் நிலை சாதாரணம். இரண்டாவது கவனம். மூன்றாவது தயார் நிலை. நான்காவதற்கு அவர்கள் மொழியில் 'அவாஸ்' என்று பெயர், ஆபத்து என்று அர்த்தம். எந்த மலை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களுடைய எரிமலைத் துறை இணையத்தில் போடுகிறது. நாங்கள் போனபோது பாத்தூர் முதல் நிலையில் இருந்தது. மாப்பிள்ளை பார்த்துச் சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலம் வழிகாட்டி ஓட்டலுக்கு வந்தான். முப்பது வயதிருக்கும், அந்த ஏரிக்கரை ஊர்க்காரன். என்னை 'பாக்' என்று கூப்பிட்டான். அப்பா மாதிரி மரியாதைச் சொல். என்னிடம் மூன்று கேள்வி கேட்டான். முழங்கால் வலி உண்டா? ஆஸ்துமா உண்டா? இதயத்தில் ஏதாவது?

இங்கே சிலருக்குத் தெரியும், 2021-ல் எனக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நான் அந்தப் பையனிடம் "எதுவும் இல்லை" என்று சொன்னேன். ஊரில் இருந்தபோதே "அப்பா, டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்று மகள் கேட்டாள். "கேட்டேம்மா" என்றேன். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே என்ற பயம். திருப்பதிக்கு நடந்து ஏறியவன், அண்ணாமலையில் கிரிவலம் சுற்றுபவன், எனக்கென்ன என்ற எண்ணம் வேறு. 37 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்து, மற்றவர்கள் ஃபாரத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டால் திருப்பிக் கொடுத்தவன் நான். என் கட்டத்தில் நானே பொய் எழுதினேன்.

இரவு இரண்டு மணிக்கு வண்டி வந்தது. என் மனைவி முழங்கால் வலியால் ஓட்டலிலேயே தங்கிவிட்டார். மகள், மாப்பிள்ளை, 12 வயதுப் பேரன், நான், இரண்டு வழிகாட்டிகள். நான்கு மணிக்கு மலை ஏற ஆரம்பித்தோம். எங்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான டார்ச் விளக்குகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. எல்லாரும் சூரிய உதயத்துக்கு உச்சிக்குப் போகிறவர்கள். வைகுண்ட ஏகாதசி க்யூ மாதிரி இருந்தது. முன்னால் போகிறவர் நின்றால் நாமும் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் நாமும் வேகமாகப் போக வேண்டும்.

முதல் முக்கால் மணி நேரம் சுமாரான ஏற்றம். அப்புறம் செங்குத்தாக ஆனது. காலடியில் பொடிப்பொடியான எரிமலைக் கற்கள். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். எனக்கு நெஞ்சில் ஏதோ கனமாக உட்கார்ந்த மாதிரி ஆனது. "தண்ணி குடிச்சுக்கறேன்" என்று நின்றேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி "தண்ணி" என்றேன். மூன்றாவது தடவை அந்தப் பையன் டார்ச்சை என் முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "பாக், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

சொல்லிவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "இனிமேல் மேலே வேண்டாம்" என்றான். நான் வாதாடினேன். பத்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பணமும் கட்டியிருக்கிறோம் என்றேன். "பணம் வாங்கியது உங்களை மேலே கொண்டுபோக மட்டும் இல்லை, வீட்டில் திருப்பி விடவும்தான்" என்றான். மாப்பிள்ளையும் பேரனும் இன்னொரு வழிகாட்டியுடன் மேலே போனார்கள். மகள் என்னோடு நின்றுவிட்டாள். அந்த உதயத்தைப் பார்க்க ஆறு மாதமாகத் திட்டம் போட்டவள் அவள்தான்.

வழிகாட்டி எங்களைக் கொஞ்சம் கீழே, பாதையை விட்டு விலகி ஒரு சின்னச் சன்னிதிப் பக்கம் அழைத்துப் போய் உட்கார வைத்தான். பையிலிருந்து ஓலைத் தட்டு ஒன்று எடுத்தான். பூ, கொஞ்சம் சோறு, ஊதுபத்தி. அதைச் சன்னிதியில் வைத்துக் கும்பிட்டான். நம் வீட்டுப் பிள்ளையார் முன்னால் செய்வது மாதிரியே இருந்தது. அரை மணி நேரத்தில் நெஞ்சுக் கனம் குறைந்தது. கிழக்கே வெளுத்தது. கீழே ஏரி, எதிரே அகூங் மலை. அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். என் மகள் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்: "அப்பா, நீங்க எங்கிட்டயும் பொய் சொன்னீங்க." அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

இறங்கியதும் ஒரு கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை, ஏற்றம் மட்டும் வேண்டாம், சமதளத்தில் நடக்கலாம் என்றார் அந்த டாக்டர். இரண்டு நாள் கழித்து அதே வழிகாட்டி வந்தான். "நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் உங்களுக்கு வேறு பாதை இருந்தது, பாக்" என்றான். மலையின் அடிவாரத்தில் 1963-ல் வழிந்து உறைந்த கருப்புக் குழம்பு பரந்து கிடக்கிறது. அங்கே அழைத்துப் போனான். ஏற்றம் கிடையாது. மூன்று மணி நேரம், என் வேகத்துக்கு அவன் நடந்தான். வேறு ஒரு பயணிகூட இல்லை. கருங்கல் அலைகள் அப்படியே நின்றுபோன மாதிரி. அறுபது வருஷத்தில் அதன் இடுக்கில் புல்லும் பெரணியும் முளைத்திருக்கின்றன. பக்கத்தில் ஓரிடத்தில் கை வைக்கச் சொன்னான். பாறை வெடிப்பிலிருந்து சூடான ஆவி வந்தது. மலை உச்சியில் இந்த ஆவியில்தான் முட்டையும் வாழைப்பழமும் வேக வைத்துத் தருவார்களாம். பேரன் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னான். எரிமலையை நான் உண்மையில் பார்த்தது அந்தச் சமதளத்தில்தான்.

இப்போது நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

வங்கி ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒற்றைச் சாவிக்குத் திறக்காது. எரிமலைக்கு மூன்று சாவி வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் சாவி விஞ்ஞானிகளின் எச்சரிக்கை நிலை. சுமத்ராவில் மராபி என்று ஒரு எரிமலை. இரண்டாம் நிலையில் இருந்தது. வாய்ப்பகுதிக்கு மூன்று கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்று எரிமலைத் துறை சொல்லியிருந்தது. ஆனாலும் ஏற்றத்துக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பர் 3-ம் தேதி வெடித்ததில் மலையேறிகள் 24 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது சாவி உள்ளூர் வழிகாட்டி. ஆனால் அது மட்டும் இருந்தால் போதாது. நியூசிலாந்தின் வாக்காரி தீவில் 2019 டிசம்பர் 9-ம் தேதி வழிகாட்டிகளோடு சேர்த்து 47 பேர் இருந்தார்கள். மூன்று வாரம் முன்பே எச்சரிக்கை நிலையை உயர்த்தியிருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள், வழிகாட்டிகள் இருவர் உட்பட.

இந்த இரண்டு சாவியும் சரியாக இருந்தும் ஆபத்து வரலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27-ம் தேதி, ஒரு சனிக்கிழமை மதியம், மிகக் கீழ் நிலையில் இருக்கும்போதே வெடித்தது. 63 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதனால்தான் புகைகிற மலையில் ஹெல்மெட் கொடுத்தால் தலைமுடி கலைகிறது என்று கழற்றாதீர்கள். வாய்ப்பகுதியில் செல்ஃபிக்காக அதிக நேரம் நிற்காதீர்கள்.

மூன்றாவது சாவி நம் சட்டைப் பையில் இருக்கிறது. நம் உடம்பைப் பற்றிய உண்மை. அதை வழிகாட்டியாலும் விஞ்ஞானியாலும் கண்டுபிடிக்க முடியாது. நாம்தான் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. இருட்டில் என் மூச்சைக் கேட்டு அந்தப் பையன் கண்டுபிடித்தது என் அதிர்ஷ்டம். இன்னொரு விஷயம், பயணக் காப்பீட்டிலும் பழைய நோயை மறைத்தால் க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு இடம் உண்டு. பாலிசித் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எரிமலை வேண்டாம், நம்மூர் மலை போதும் என்பவர்களுக்கும் இது பொருந்தும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள், அதில் நம் சென்னைப் பிள்ளைகள் பலர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு வனத்துறை மூலம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முறைப்படி திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள்தான் வழிகாட்டிகள். எளிது, மிதம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். காட்டுத் தீக் காலத்தில் மூடிவிடுகிறார்கள். மூடியிருந்தால் வேறு வழியாக நுழையப் பார்க்காதீர்கள். அதுவும் ஒரு சாவிதான்.

அந்த 40-ல் ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பூண்டிப் பக்கம் குடியம் குகைகள், கற்கால மனிதர்கள் தங்கிய பாறைக் குகைகள். ஆவடியிலிருந்து காலையில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் வீடு திரும்பிவிடலாம். பி பிளாக் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். பாதை திறந்திருக்கும் நாள் பார்த்து, வனத்துறை மூலமாகவே பதிவு செய்வார்கள். பெரியவர்களும் வரலாம்.

பெயர் எழுதும் தாள் கேட் செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் உடல்நிலை பற்றி ஒரு கேள்வி உண்டு. யாரும் வெட்கப்பட வேண்டாம். முதல் பெயர் என்னுடையது. அந்தக் கட்டத்தில் 'ஸ்டென்ட், 2021' என்று எழுதி, டாக்டரிடம் கேட்ட தேதியையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அந்தத் தாளைப் படம் எடுத்து என் மகளுக்கு அனுப்பினேன். "சரிப்பா, பார்த்து மெதுவா நடங்க" என்று பதில் வந்தது.