விசேட தேவையுடைய பிள்ளைகளும் விடுமுறையிலுள்ள நமது மாணவர்களும்



 

இன்றைய உரை, க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவ மாணவியரையும் அவர்களது பெற்றோரையும் முன்னிறுத்தியது. பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவரவும், அதன்பின் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவும் பல மாதங்கள் கழிகின்றன. அந்த மாதங்களில் சிலர் ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் செல்கின்றனர். சிலர் வாப்பாவின் கடையில் நிற்கின்றனர். எஞ்சியோர் நண்பகல் வரை உறங்கி, நள்ளிரவு வரை கையடக்கத் தொலைபேசியோடு விழித்திருக்கின்றனர். இவர்கள் அனைவரிடமும் வாரத்திற்கு இரண்டு மணித்தியாலங்களை மட்டும் கேட்கவே இங்கு வந்துள்ளேன். அந்த இரண்டு மணித்தியாலங்கள் விசேட தேவையுடைய ஒரு பிள்ளைக்கு உரியவை.

“எமது ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லையே” என்று சிலர் கூறுவதுண்டு. 2012 ஆம் ஆண்டு இலங்கையில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டில், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தன்னைத் தானே பராமரித்தல், பிறரோடு தொடர்பாடல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் சிரமமுடையோர் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எனக் கணக்கிடப்பட்டது. ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டதுமான சனத்தொகையில் இது 8.7 வீதமாகும். இத்தொகையில் பலர் முதியோர் என்பது உண்மையே. ஆயினும் பிள்ளைகளும் இருக்கின்றனர். ருவான்வெல்லையிலும் இருக்கின்றனர், கன்னத்தோட்டையிலும் யட்டியாந்தோட்டையிலும் இருக்கின்றனர், இறப்பர் தோட்டங்களின் லயன் அறைகளிலும் இருக்கின்றனர். நமது கண்ணில் படாததற்குக் காரணம், அவர்கள் வீட்டின் பின்னறையில் இருப்பதுதான். விருந்தினர் வரும்போது அந்த அறையின் கதவு சாத்தப்படுகின்றது. திருமண வீட்டுக்கு எல்லாப் பிள்ளைகளும் செல்லும்போது அப்பிள்ளை மட்டும் உம்மும்மாவோடு வீட்டில் நிற்கின்றது.

பெற்றோர் மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமன்று. “நீ செய்த எந்தப் பாவத்துக்கு இந்தப் பிள்ளை?” என்று கேட்கும் நாவுகள் நமது சமூகத்திலேயே உள்ளன. ஓர் ஆத்மாவின் சுமையை மற்றோர் ஆத்மா சுமக்காது என்பது அல்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் அடிப்படை. பெற்றோர் பாவத்துக்குப் பிள்ளையின் உடலில் தண்டனை என்று பேசுவோர் எந்த ஆதாரத்தைக் கொண்டு பேசுகின்றனர் என்பதை அவர்களே சொல்லட்டும்.

சகோதரர்களே! இவ்விடயத்தில் நமக்குள்ள முன்மாதிரி மிகத் தெளிவானது. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் பார்வையற்ற ஒரு நபித்தோழர். மக்காவில் குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அவர் வந்து குறுக்கிட்டதும், அதனைத் தொடர்ந்து ‘அபஸ’ என்னும் அத்தியாயத்தின் ஆரம்ப வசனங்கள் இறங்கியதும் நீங்கள் அறிந்தவையே. மிம்பர்களில் இந்நிகழ்ச்சி அடிக்கடி கூறப்படுகின்றது. ஆனால் அதற்குப் பிந்திய வரலாறு அவ்வளவாகக் கூறப்படுவதில்லை. மதீனாவில் அவர் முஅத்தின்களுள் ஒருவராக நியமிக்கப்பட்டார். நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சந்தர்ப்பங்களில் நகரின் பொறுப்பும் தொழுகை நடத்தும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

இதில் ஒரு நுட்பமான செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ரமழானில் பிலால் (ரழி) அவர்களின் அதான் முதலில் ஒலிக்கும். அப்போது மக்கள் உண்ணலாம், பருகலாம். இப்னு உம்மி மக்தூமின் அதான் கேட்டதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். வைகறை வெளிச்சத்தைக் கண்ணால் காண முடியாத ஒருவரிடம் வைகறையை அறிவிக்கும் பொறுப்பா? ஆம். விடிந்துவிட்டது என்று அருகிலிருப்போர் அவருக்குச் சொல்வார்கள். அதன்பின் அவர் அதான் கூறுவார்.

இதனைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அருகிலிருந்தவர்கள் அவருக்குப் பதிலாக அதான் சொல்லவில்லை. “பாவம், பார்வையற்றவர், வீட்டில் இருக்கட்டும்” என்று அவரை அனுப்பிவிடவுமில்லை. அவரிடம் இல்லாத ஒன்றை, அதாவது வெளிச்சத்தைக் காணும் அந்தச் சிறு உதவியை மட்டும் அவர்கள் கொடுத்தார்கள். அதானை அவரே சொன்னார். மதீனா முழுவதும் அவரது குரலைக் கேட்டே உண்பதை நிறுத்தியது. தொண்டுக்குச் செல்லும் மாணவர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது என்பது எனது கருத்து.

நமது வழக்கம் இதற்கு நேர்மாறானது. ஒரு சங்கம், ஒரு பதாகை, ஒரு வாகனம். முப்பது மாணவர் ஒன்றாகச் செல்வர். பிஸ்கட் பொதிகளும் பாடசாலைப் பைகளும் வழங்கப்படும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் பிடிப்பர். மாலையில் திரும்பிவிடுவர். படங்கள் அன்றிரவே எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்துவிடும். ஒரு தாய் என்னிடம் கூறியதை இங்கு சொல்லாமலிருக்க முடியவில்லை. அவரது மகனுக்குப் பதினொரு வயது, பேச்சுக் குறைவு. ஒரு சனிக்கிழமை வந்த மாணவன் ஒருவன் அவனோடு பந்து விளையாடிவிட்டு, “அடுத்த கிழமையும் வாறேன்” என்று சொல்லிச் சென்றிருக்கின்றான். அதன்பின் பல சனிக்கிழமைகள் அந்தப் பிள்ளை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்திருந்ததாம். “மவ்லவி, வராமலே இருந்திருக்கலாம்” என்றார் அந்தத் தாய். வந்த மாணவன் கெட்டவனல்லன். அவன் சொன்னது அவனுக்கு ஒரு சம்பிரதாய வார்த்தை. கேட்ட பிள்ளைக்கு அது வாக்குறுதி. வாக்குறுதியை மீறுவது பற்றி மார்க்கம் என்ன சொல்கின்றது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாணவர்களால் இத்தகைய பணியைத் தொடர்ந்து செய்ய இயலுமா என்று ஐயுறுவோருக்காக, தூர தேசத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன். அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த ஜோன் கென்னடிக்கு ரோஸ்மேரி என்று ஒரு சகோதரி இருந்தார். அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர். 1941 இல் அவருக்குச் செய்யப்பட்ட மூளைச் சத்திரசிகிச்சை அவரது நிலையை மேலும் மோசமாக்கியது. செல்வமும் செல்வாக்கும் மிகுந்த அக்குடும்பம் பல ஆண்டுகள் அவரை உலகின் பார்வைக்கு எட்டாமல் வைத்திருந்தது. பின்னறைக் கதவைச் சாத்துவது ஏழைகளின் பழக்கம் மட்டுமன்று என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

அந்தக் கதவைத் திறந்தவர் மற்றொரு சகோதரியான யூனிஸ் ஷிரைவர். 1962 ஆம் ஆண்டு கோடையில், மேரிலண்ட் மாநிலத்திலிருந்த தமது வீட்டுத் தோட்டத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய சுமார் 35 பிள்ளைகளுக்காகப் பகல்நேர முகாம் ஒன்றை அவர் ஆரம்பித்தார். பிள்ளைகளோடு இருப்பதற்கு அவர் அழைத்தது உயர்தரப் பாடசாலை மாணவர்களையும் கல்லூரி மாணவர்களையும்தான். இயன்றவரை ஒரு பிள்ளைக்கு ஒரு மாணவர் என்பது ஏற்பாடு. இத்தகைய பிள்ளைகளுக்கு நீச்சலும் விளையாட்டும் இயலாது, ஆபத்து என்று அக்காலத்தில் பலர் கருதினர். ஆனால் பிள்ளைகள் நீந்தினர், ஓடினர், பந்தெறிந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் யூனிஸ் தமது சகோதரியைப் பற்றிப் பிரபல சஞ்சிகை ஒன்றில் பகிரங்கமாக எழுதினார். 1968 இல் சிக்காகோ நகரில் சுமார் ஆயிரம் பேர் பங்குபற்றிய முதலாவது விசேட ஒலிம்பிக் போட்டி இந்த முயற்சியிலிருந்தே பிறந்தது. இதன் ஆரம்பம் ஒரு தோட்டமும் சில மாணவரும் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்துக்கு நமது பிரதேசத்தில் குறைவேது!

இனி, செய்ய விரும்பும் மாணவருக்குச் சில விடயங்கள். கூட்டமாகச் செல்லாதீர்கள். இருவராகச் செல்லுங்கள், தனியொருவராகச் செல்வதும் வேண்டாம். பெற்றோரில் ஒருவரோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ இருக்கும் வேளையிலேயே செல்லுங்கள். அவர்களது பார்வைக்கு எட்டிய இடத்திலேயே இருங்கள். இது உங்களை நம்பாததனால் கூறப்படுவதன்று. பேச இயலாத பிள்ளை தனக்கு நேர்ந்ததை எவரிடமும் முறையிட முடியாது என்பதனால், இதில் விதிவிலக்கு எவருக்கும் இருக்கலாகாது. மவ்லவிக்கும் இருக்கலாகாது. மாணவியர் பெண் பிள்ளைகளிடம் செல்லட்டும். தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள், படம் வேண்டாம்.

எந்தக் கிழமை, எத்தனை மணி என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டிசமுடைய பல பிள்ளைகளுக்கு நேரம் மாறுவதே பெருங்கலக்கத்தைத் தரும். பிள்ளையின் தலைக்கு மேலாகத் தாயிடம் “இவருக்கு என்ன விருப்பம்?” என்று கேட்காதீர்கள். பிள்ளையிடமே கேளுங்கள், விடை வரத் தாமதமானால் காத்திருங்கள். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள். அது அவரது கால். பெருமூளை வாதமுடைய பிள்ளைக்கு உணவூட்ட நேர்ந்தால், தாய் காட்டித்தரும் முறையில் மட்டும் செய்யுங்கள். படுக்க வைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும்.

வலிப்பு வந்தால் நமது ஊர்களில் கையில் இரும்பைக் கொடுப்பதும், பற்களுக்கிடையே கரண்டியைத் திணிப்பதும் இன்னும் நடக்கின்றன. இரும்பினால் பயனில்லை, கரண்டியினால் பல் உடையும், மூச்சும் அடைபடலாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மென்மையானதொன்றை வையுங்கள், அருகிலுள்ள கூரான பொருட்களை அகற்றுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கரவனெல்லை வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும்.

முக்கியமாக, பிள்ளை தானே செய்யக்கூடியதை நீங்கள் செய்துவிடாதீர்கள். சட்டைப் பொத்தானைப் பூட்டக் கால் மணித்தியாலம் எடுக்கின்றதா, எடுக்கட்டும். இப்னு உம்மி மக்தூமின் அதானை வேறொருவர் சொல்லவில்லை.

செல்லும் வீடு எவருடையது என்றும் பார்க்க வேண்டியதில்லை. லயன் அறையிலுள்ள தமிழ்ப் பிள்ளையும், அயலிலுள்ள சிங்களப் பிள்ளையும் நமது அயலவரே. நமது மலைப்பாங்கான பிரதேசத்தில் இதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. 2016 மே மாதம் நமது கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மண்சரிந்து உயிர்கள் பறிபோனதை நாம் மறக்கவில்லை. மழைக்கால இரவில் வெளியேறுமாறு எச்சரிக்கை வந்தால், நடக்க இயலாத பிள்ளை எந்த வீட்டில், எந்த அறையில் உள்ளது என்பதை அறிந்தவர் யார்? வாராவாரம் அந்தப் படிகளில் ஏறிச்செல்லும் மாணவனே அறிவான். எச்சரிக்கை ஒலியைக் கேட்காத பிள்ளையின் தோளைத் தட்டி எழுப்பவும் அவனுக்கே தெரியும்.

பெற்றோரே! “படிக்கிற பிள்ளையை இதற்கெல்லாம் அனுப்புவதா?” என்று நினைக்க வேண்டாம். வாரத்திற்கு இரண்டு மணித்தியாலத்தினால் எவருடைய பெறுபேறும் குறைந்துவிடாது. விசேட தேவையுடைய பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வலது குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவருக்குக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்தல் ஆகாது. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்துப் பேசுங்கள். தனியே செல்லத் தயக்கமாயின், படிவம் நிரப்பத் தெரிந்த அந்த மாணவனையே துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இந்தப் பிள்ளைகள் என்றும் உதவி பெறுபவர்களாகவே இருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி என்றொரு கிராமம் உண்டு. 1975 இல் கடற்படை அதிகாரி தெரிவின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் என்னும் பொறியியல் மாணவர், 1981 இல் அங்கே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தொடக்கத்தில் ஒரு சில பிள்ளைகள் மட்டுமே. பின்னர் 1992 இல் தசைச் சிதைவு நோயுடைய எஸ். சங்கரராமன் என்னும் பட்டயக் கணக்காளர் அவரோடு இணைந்தார். சக்கர நாற்காலியில் இருந்த இருவர், நூற்றுக்கணக்கான கிராமங்களின் பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் கல்வியும் சென்றடைய வழி செய்தனர். 2020 இல் இந்திய அரசு ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நீங்கள் பார்க்கச் செல்லும் பிள்ளை நாளை உங்கள் பிள்ளைக்கு ஆசிரியராக வரக்கூடும்.

இறுதியாக ஒரு விடயம். பெறுபேறு வந்து, பேராதனைக்கோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ நீங்கள் செல்லும் நாள் வரும். அப்போது சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லுங்கள். விளங்காது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அவ்வருடம் பரீட்சை எழுதிய தம்பி ஒருவனையோ தங்கை ஒருத்தியையோ அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்று, மூன்று நான்கு கிழமைகள் சேர்ந்திருந்து, எந்தப் பாட்டு பிடிக்கும், எந்தச் சத்தம் பயம், எந்தக் கையால் பந்தெறிவான் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.