உப்புக் காற்றும் ஒளிபுகு பெட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளிலே சோளகக் காற்றின் ஆட்சி பெரிது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் அக்காற்று, கடல்நீரின் நுண்துளிகளைச் சுமந்து வந்து, கதவின் கீலையும் துவிச்சக்கர வண்டியின் சங்கிலியையும் துருப்பிடிக்கச் செய்யும். வீட்டினுள் இருக்கும் கணினியும் அதற்கு விலக்கன்று. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐக் கடக்கும்போது உப்பு நீரை ஈர்த்துக் கசியும். அக்கசிவு மின்சுற்றுப் பலகையிற் படிந்தால் செம்பு அரிக்கப்படும். மின்னோட்டம் செல்லலாகாத வழியிற் செல்லும். இரும்புப் பெட்டிக்குள் இக்கேடு கண்ணுக்குப் புலப்படாமலே வளர்கிறது.

ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டினாற் கணினிப் பெட்டியை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் கைவினை இங்குதான் பயன் தருகிறது. பச்சைப் பாசி போன்ற செம்புக் களிம்பு தோன்றிய அன்றே கண்ணிற் படும். தகடுகளைத் தட்டையாகக் கட்டிக் குறிகட்டுவான் துறையிலே படகில் ஏற்றுவதும் எளிது.

அக்ரிலிக் கண்ணாடி போலத் தோன்றினும் கண்ணாடியன்று. 1933ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஒட்டோ ரோம் இதற்குப் பிளெக்சிகிளாஸ் என்னும் வணிகப் பெயரைப் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் சாளரங்கள் இதனால் அமைந்தன. கண்ணாடியின் எடையிற் பாதிக்கும் குறைந்த இது, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை ஊடுருவ விடுகிறது.

சிறிய பெட்டியொன்றுக்கு 170 மில்லிமீற்றர் சதுரமான தாய்ப்பலகை போதும். மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டைக் கூரிய கத்தியாற் பலமுறை கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் நேராக முறியும். துளையிடும்போது அடியில் மரப்பலகை வைத்து மெதுவாகத் துளைத்தல் வேண்டும். விரைந்தால் தகடு வெடிக்கும். வெப்பத்தால் அக்ரிலிக் விரியுமாதலால், துளை ஆணியிலும் சற்றே பெரிதாயிருத்தல் நன்று. பசையால் ஒட்டுவதிலும் திருகாணியாற் பூட்டுவதே சிறந்தது, துப்புரவுக்குக் கழற்றலாம்.

இனி, காற்றோட்டம். இரும்பைப்போல் அக்ரிலிக் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே சூடு முழுவதையும் காற்றே வெளியேற்றவேண்டும். நெடுந்தீவின் கல்வேலிகளைக் கண்டவர்க்கு இது புதிதன்று. சாந்தின்றி அடுக்கிய முருகைக் கற்களின் இடுக்குகளிலே காற்று நுழையும், மாடு நுழையாது. பெட்டிக்கும் அத்தகைய வாயிலே வேண்டும். காற்றை உள்ளே தள்ளும் விசிறியைக் கடற்காற்று நேரே படாத பக்கத்தில், கீழே பொருத்தி, அதன் வாயில் மெல்லிய வடிதுணியை இடுதல் வேண்டும். சூடான காற்று மேலுள்ள துளைகளால் வெளியேறும். உள்ளே அழுத்தம் சற்று மிகுந்திருப்பதால் ஏனைய இடுக்குகளால் தூசி புகாது.

இரும்புப் பெட்டி ஓசையின்றிச் செய்துவந்த காவல்கள் சில உண்டு. கணினியிலிருந்து வானொலி அலைகள் கசிவதை உலோகம் தடுத்தது, அக்ரிலிக் தடுக்காது. இக்கசிவு பிற கருவிகளைக் குழப்புவது கண்டே, ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 1979இல் கணினிகளுக்கு வரம்பு விதித்தது. கடலுக்குச் செல்லுமுன் வானிலை அறிவித்தலைக் கேட்கும் கடற்றொழிலாளியின் வானொலியில், பக்கத்து அறைக் கணினி இரைச்சலை எழுப்பினால், அது சிறு தொல்லையாகாது. எனவே ஒரு பக்கத்தை மட்டும் ஒளிபுக விட்டு, மற்றப் பக்கங்களின் உட்புறத்தில், மின்சுற்றைத் தொடாதபடி அலுமினியத் தகடு பொருத்தி, அதனை மின்வழங்கியின் உலோக உறையோடு இணைத்தல் தக்கது. அவ்வுறையின் புவித்தொடுப்புச் சரியாயிருத்தலும் இன்றியமையாதது. அக்ரிலிக் தீப்பற்றும் பொருள். ஆதலால் மின்வழங்கியை அதன் உலோக உறையினின்றும் ஒருபோதும் கழற்றலாகாது.

உலர்ந்த துணியால் அக்ரிலிக்கைத் துடைத்தால் கீறல் விழும். நிலைமின் தோன்றித் தூசியை ஈர்க்கும். மதுசாரம் பட்டால் வெடிப்புண்டாகும். மின்னிணைப்பை நீக்கிப் பக்கங்களைக் கழற்றி, நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடைத்து, நன்கு உலர்த்திய பின்னரே பூட்டவேண்டும். சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குமுன் இதனைச் செய்து முடிக்கும் வீட்டிலே, பிள்ளைகள் கணினியின் உள்ளுறுப்புக்களைப் பெயர் சொல்லி அறிந்திருப்பார்கள். கணினியும் நெடுங்காலம் உழைக்கும்.