“எனக்கு மூளை இல்லை, டொக்டர்”



நூற்றாண்டு விழாவில் பாடசாலையின் பெறுபேறுகளைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். அந்தப் பெறுபேறுகளுக்குப் பிள்ளைகள் சொல்லும் காரணங்களைப் பற்றி நான் கொஞ்சம் பேசுகிறேன்.

தலையிடி, நித்திரை இல்லை என்று என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் படிப்பைப் பற்றியும் கேட்பேன். விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவள், “பேப்பர் லேசு, டொக்டர்” என்பாள். கணிதத்துக்கு எஸ் எடுத்ததற்கு அவளே சொல்லும் காரணம், “எனக்கு மூளை இல்லை.” நல்லது வந்தால் அதிர்ஷ்டம், குறைந்தால் பிறவிக் குறை. இந்தக் கணக்கு மட்டும் அவர்களுக்குப் பிழைப்பதே இல்லை!

அமெரிக்க உளவியலாளர் பேர்னாட் வைனர் இத்தகைய காரணங்களை மூன்று விதமாகப் பார்த்தார். காரணம் எனக்குள்ளா, வெளியிலா? மாறக்கூடியதா? என் கையில் இருக்கிறதா? “மூளை இல்லை” என்பது உள்ளே இருப்பது, மாறாதது, கையை மீறியது. அப்படி நம்புகிறவள் அடுத்த தவணைக்குக் கொப்பியை ஏன் திறக்க வேண்டும்?

அதற்காக, “நீ முயற்சி செய்யேல்லை” என்பதும் மருந்தல்ல. விடிய எழும்பிப் படித்து, இரவு ரியூசன் முடித்து வருகிறவளுக்கு அது அநியாயம். நான் முதலில் கண்ணைப் பார்ப்பேன். கரும்பலகை தெரியாததைச் சொல்லாமலே கடைசி வாங்கில் இருந்திருப்பாள். பிறகு இரத்தம். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளில் இரும்புச்சத்துக் குறைவு அபூர்வமல்ல. களைப்பும் கவனக்குறைவும் அதனால் வரலாம். நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறவளை, கொப்பியை மூடிவிட்டு எழுதிப் பார்க்கச் சொல்வேன்.

உயர்தரப் பிள்ளைகள் இன்னும் பாவம். 2001 முதல் பயன்படும் இசட் புள்ளி, மற்றவர்களோடு ஒப்பிட ஒருத்தி எங்கே நிற்கிறாள் என்பதையே சொல்கிறது. மருத்துவம், பொறியியல் இடங்களில் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் பிரிபடுவதால், இங்கே வெட்டுப்புள்ளி தவறியவள் அடுத்த மாவட்டத்தில் தெரிவாகியிருக்கலாம். எல்லை தாண்டினால் மூளை கூடுமா? ஆனாலும் மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை, “நான் பெயில்” என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

பெறுபேறு வரும் நாளில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரெலிபோன் எடுக்கும் மாமிமாரும் சித்திமாரும் நாங்கள்தான். “எத்தனை ஏ?” என்பதோடு நிற்காமல், “எப்படிப் படிச்சனி, பிள்ளை?” என்றும் கேளுங்கள். “எங்கட பரம்பரைக்கே கணக்கு வராது” என்று மட்டும் ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்.