தனுஷ்கோடி என்னும் கடற்கரைச் சிற்றூர்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலங்களின் சிறப்பை எடுத்துரைக்குங்கால் கோபுரத்தின் உயரமும் திருச்சுற்றின் நீளமுமே முதலில் நாவில் எழுகின்றன. குடமுழுக்குக் காலத்தில் அவை பேசத்தக்கனவே. ஆயினும், கோபுரம் ஒன்றுமின்றி, இரு கடல்களுக்கு இடையே ஒரு மணற்றிட்டில் வாழ்ந்து, ஓரிரவில் அழிந்த ஓர் ஊரின் வரலாறும் அன்பர்கள் கேட்டற்குரியது. அவ்வூர் தனுஷ்கோடி.

தனுசு என்பது வில். கோடி என்பது அதன் நுனி. இலங்கை வெற்றிக்குப் பின் வீடணன் வேண்ட, இராமபிரான் தம் வில்லின் முனையால் சேதுவை உடைத்த இடம் இஃது என்பது தலவழக்கு. இராமேசுவரத்தினின்றும் தென்கிழக்கே நீண்டு, வரவரக் குறுகி, இறுதியில் நீரில் மறையும் இம்மணல்முனையைக் காண்பார்க்கு வில்நுனி என்னும் பெயர் மிகப் பொருந்துவதாகவே தோன்றும். ஒரு புறம் மகோததி, மறுபுறம் இரத்தினாகரம். ஒன்று அமைதியாக இருக்கும் பருவத்தில் மற்றொன்று கொந்தளிக்கும். சேது நீராடிய பின்னரே காசி யாத்திரை நிறைவுறும் என்பது பாரத நாடு முழுவதும் வழங்கும் கொள்கை. இங்கு எடுத்த மணலைப் பிரயாகையில் கங்கையிற் கரைத்து, கங்கைநீரைக் கொணர்ந்து இராமநாதப் பெருமானுக்கு அபிடேகம் செய்வித்தல் மரபு. இவ்வழியைக் காத்தமையாலன்றோ இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதிகள் எனப் பெயர் பெற்றனர்!

பன்னூறாண்டுகள் இங்கு வந்தவர் யாத்திரிகர்; இருந்தவர் பரதவர் முதலிய மீன்பிடி மக்கள். வருவோர்க்கு வழிகாட்டியவரும் படகு செலுத்தியவரும் மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் தந்தவரும் அவர்களே. கடலினின்றும் சில அடி தள்ளி மணலைக் கையால் அகழ்ந்தால் குடிக்கத்தக்க நீர் ஊறுவது இவ்வூரின் வியப்பு. பெய்த மழைநீர் மணலுள் இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்றலே இதற்குக் காரணம். ஆழமாகத் தோண்டினால் உப்பே வரும். எவ்வளவு தோண்டுதல் வேண்டும் என்பதை அம்மக்கள் அறிவர்.

1914-ஆம் ஆண்டு பாம்பன் கடற்பாலம் திறக்கப்பெற்றது. அதற்குமுன் இலங்கை செல்வோர் தூத்துக்குடியில் கப்பல் ஏறினர். பாலம் வந்தபின் சென்னை எழும்பூரிற் புறப்படும் 'போட் மெயில்' தனுஷ்கோடித் துறைக்கே வந்து சேர்ந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 22 மைல் கடல்வழி. இர்வின், கோஷன் என்னும் நீராவிக் கப்பல்கள் பின்னாளில் இவ்வழியில் ஓடின. இருப்புப்பாதையின் தலைவழி அக்காலத்துப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கே சென்றது. இராமேசுவரத்திற்குப் போனது ஒரு கிளைவழிதான். பெருந்தலம் கிளையாகவும் மணற்றிட்டு தலையாகவும் இருந்த காலம் அது! புகைவண்டி நிலையம், சுங்கச்சாவடி, அஞ்சலகம், பள்ளி, மருத்துவமனை, மாதாகோயில் யாவும் அங்கு எழுந்தன.

இத்துறை வழியே சென்றவருட் பெரும்பகுதியினர் செல்வர் அல்லர். தென்மாவட்டத்து ஏழை மக்கள், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைக்க, மூட்டையும் குழந்தையுமாகச் சென்றனர். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, பின் இங்கு வந்து கப்பல் ஏறினர். நீராட வந்தவரும் பிழைக்கப் போனவரும் ஒரே வண்டியில் வந்திறங்கினர் என்பதை எண்ணுதல் தகும். தீர்த்தச் சிறப்புரைக்கும் நூல்கள் பின்னவரைப் பற்றி ஒன்றும் கூறா.

1964-ஆம் ஆண்டு மார்கழித் திங்கள். ஆங்கிலக் கணக்கில் டிசம்பர் 22. இலங்கையைக் கடந்து வந்த கொடும்புயல் அன்றிரவு தீவைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடி நிலையத்தை அணுகுகையில் கைகாட்டி இயங்கவில்லை. சிறிது நேரம் நின்ற வண்டி நீண்ட ஊதல் கொடுத்துக் காரிருளில் மெல்ல நகர்ந்தது. எழுந்த பேரலை வண்டி முழுவதையும் வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். ஊர் நீருள் ஆழ்ந்தது. புயலில் இறந்தோர் ஏறத்தாழ 1,800 பேர் என்பர்.

அவ்விரவில் இராமநாதப் பெருமான் கோயிலை அடைந்தோர் உயிர் பிழைத்தனர். கடல் திருக்கோயிலின் எல்லை வரை வந்து நின்றது என்று அன்பர் மகிழ்ந்து கூறுவர். அவர்தம் அன்பு போற்றத்தக்கது. ஆயின் அதனையே பிடித்துக்கொண்டு, தனுஷ்கோடி மக்கள் பாவத்தின் பயனாக அழிந்தனர் என்று சிலர் கூறத் துணிந்தனரே, அது சைவத்தின் வழக்கன்று. கரையேறியவர் அருள் பெற்றவர், மூழ்கியவர் அருள் இழந்தவர் எனத் தீர்ப்பு எழுதச் சித்தாந்த நூல்கள் யாருக்கும் உரிமை தரவில்லை. வினையின் கணக்கு இறைவன் ஒருவனே அறிவது. வண்டியில் இருந்த குழந்தையின் கணக்கை அயலார் கூறுதல் அறியாமை மட்டுமன்று, இரக்கமின்மையுமாம்.

சிதைந்த பாம்பன் பாலம் பொறியாளர் ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாள்களிற் செப்பமுற்றது. ஆனால் தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என அரசு அறிவித்தது. கப்பல்துறை இராமேசுவரத்திற்கு மாறி, 1984 வரை நடைபெற்றது. இதில் ஒரு செய்தி நெஞ்சை உறுத்துவது. புயலுக்கு இரண்டு திங்கள் முன்னர், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் இந்தியா திரும்பினர். அவர்தம் பாட்டனும் பாட்டியும் புறப்பட்ட துறையோ அப்போது இல்லை. வேறு துறையில் வந்திறங்கினர்.

வீடணன் அடைக்கலம் புகுந்த இடமாகப் போற்றப்பெறும் கோதண்டராமர் திருக்கோயில், இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, புயலைத் தாங்கி நின்றது. வீடணர் பட்டாபிடேக விழா அங்கு நிகழ்கின்றது. அதனையடுத்து ஊரில் எஞ்சியவை நிலையத்தின் சுவர்களும், பவளக்கல்லாற் கட்டிய மாதாகோயிலின் இடிபாடுமே.

மீனவரோ, திரும்பி வந்தனர். தகுதியற்றதென்ற மணலில் ஓலைக்குடிசை வேய்ந்தனர். பல ஆண்டுகள் மின்விளக்கும் சாலையும் இல்லை; யாத்திரிகர் மணலில் ஊர்ந்து செல்லும் வாகனங்களிலேயே சென்றுவந்தனர். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பெற்றது. அது முதல் பேருந்துகளும் கூட்டமும் முனைவரை செல்கின்றன. நீராடி எழுந்த யாத்திரிகர் சேது மணலை ஒரு துணியில் முடிந்துகொள்கின்றனர். சற்றுத் தொலைவில், குடிசையின் பின்புறம், ஒரு மூதாட்டி மணலை அகழ்ந்து சிரட்டையால் ஊற்றுநீரை முகந்து குடத்தில் நிரப்புவதை இன்றும் காணலாம்.