தக்காளி விலையும் டெல்லிக் கணக்கும்

(கிணத்துக்கடவு வட்டாரக் குழுக்களின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "ஏனுங்க, டிவியில விலைவாசி உயர்வு கொறஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. நம்ம மளிகைக் கடையில மட்டும் ஏனுங்க ஒண்ணும் கொறய மாட்டேங்குது?" நியாயமான கேள்வி. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பொருளாதாரம் என்றால் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் மாசாமாசம் சேமிப்பு, உள்கடன், வட்டி, வசூல் என்று நோட்டு எழுதுகிற நமக்கு அது புரியாத விஷயமே இல்லை. ஒரு செய்தியைக் கேட்டால் மூன்று கேள்வி கேட்கணும், அவ்வளவுதான்.

முதல் கேள்வி: எப்போதைய விலையோடு ஒப்பிட்டுச் சொல்றாங்க?

2023 ஜூலை மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வட மாநிலங்களில் சில இடங்களில் இருநூறுக்கும் மேலே போனது. நம்ம அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையில் சில ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. நேபாளத்திலிருந்துகூடத் தக்காளி வரவழைத்தார்கள். அந்த மாதம் நாட்டின் விலைவாசி உயர்வு 7.44 சதவீதம். அதாவது 2022 ஜூலையில் 100 ரூபாய்க்கு வாங்கின சாமான், 2023 ஜூலையில் 107 ரூபாய் 44 காசு.

அடுத்த வருசம், 2024 ஜூலையில், அது சுமார் மூன்றரை சதவீதமாகக் குறைந்தது என்று செய்தி வந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருசத்தில் இல்லாத குறைவு என்றார்கள். சாமான் விலை குறைந்ததா? இல்லை. 107 ரூபாய்க்கு மேலே இன்னும் மூன்றரை சதவீதம் ஏறி, அதே சாமான் சுமார் 111 ரூபாய் ஆனது. ஏறுகிற வேகம் குறைந்தது, விலை குறையவில்லை. அதுவும் முந்தின வருசம் தக்காளி உச்சத்தில் இருந்ததால், அதோடு ஒப்பிடும்போது இந்த வருசக் கணக்கு சின்னதாகத் தெரிந்தது. வண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்து முப்பதுக்கு வந்தாலும் முன்னாடிதானே போகுது, பின்னாடியா வருது? அந்த அக்காவுக்குப் பதில் இதுதான்.

இரண்டாவது கேள்வி: இது யாருடைய சராசரி?

விலைவாசி உயர்வு என்பது நாடு முழுக்கப் பல நூறு சாமான்களின் விலையைச் சேர்த்துப் போடுகிற சராசரி. ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதி வாக்கில் மத்திய அரசின் புள்ளியியல் துறை வெளியிடுகிறது. 2025 அக்டோபரில் இது வெறும் 0.25 சதவீதம், கால் சதவீதம்தான். ஆனால் அதே 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை லிட்டர் நானூறு ரூபாயைத் தாண்டியதை நாமெல்லாம் பார்த்தோம். நம்ம பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கம் வேர் வாடல் நோயும் வெள்ளை ஈயும் தென்னையைப் போட்டுப் பார்த்ததில் காய்ப்புக் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம்.

யோசிச்சுப் பாருங்க. தோப்பில் காய் இருக்கிறவருக்கு அது நல்ல காலம். மரம் பட்டுப்போனவருக்கு விலை இருந்தும் விற்க காய் இல்லை. தோப்புக் கூலிக்குப் போகிற நம்ம சகோதரிக்கோ குழம்புக்குத் தேங்காய் வாங்கவே யோசனை. மூன்று பேருக்கும் ஒரே செய்தி, "கால் சதவீதம்". சராசரி பொய் இல்லைங்க. ஆனால் அது உங்க வீட்டுக் கணக்கும் இல்லை. 2012-ஐ அடிப்படையாக வைத்துப் போட்ட பட்டியலில், கிராமத்து வீட்டுச் செலவு 100 ரூபாயில் சுமார் 54 ரூபாய் சாப்பாட்டுச் செலவு என்று எடுத்தார்கள். அதனால் காய்கறி விலை ஏறி இறங்கினால், அடி முதலில் விழுவது நம்ம அடுப்படியில்தான்.

மூன்றாவது கேள்வி: அந்தப் பணம் யார் கைக்குப் போகுது?

கடையில் தக்காளி விலை ஏறினால் விவசாயி பணக்காரர் ஆகிவிட்டார் என்று நினைக்கிறோம். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில், தக்காளி வாங்குகிறவர் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேருவது சுமார் 33 ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி வியாபாரி, வண்டி வாடகை, கழிவு, சில்லறைக் கடை என்று பிரிந்துவிடுகிறது.

நம்ம கிணத்துக்கடவு சந்தையிலிருந்து கேரளாவுக்குத் தக்காளி போகிறது. இங்கே விலை ஏறின செய்தி வந்ததும் என்ன நடக்குது? எல்லாரும் நாற்று வாங்கி நடுகிறோம். சிலர் குழுக் கடன் வாங்கியே நடுகிறோம். நட்டு இரண்டு மாதம் கழிச்சுத்தான் பறிப்பு. அதற்குள் ஊரெல்லாம் தக்காளி. பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிற நிலைமை எத்தனை தடவை வந்திருக்கு! காய் போனாலும் கடன் தவணை போகாது. ஆக இன்றைக்குள்ள விலை, நடுவதற்கான காரணம் ஆகாது. பறிக்கிற நாளில் என்ன விலை இருக்கும் என்பதுதான் கேள்வி. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளி, கத்தரி, வெண்டை போன்றவற்றுக்கு விலை முன்னறிவிப்பு கொடுக்கிறது. அது ஜோசியம் அல்ல, பழைய விலைகளை வைத்துப் போடுகிற மதிப்பீடு. தவறவும் செய்யலாம். ஆனாலும் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து நடுவதைவிட மேல்.

கடன் செய்தியையும் இப்படித்தான் பார்க்கணும். ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி ரெப்போ. 2025 பிப்ரவரிக்கு முன் 6.50 சதவீதமாக இருந்தது, டிசம்பருக்குள் 5.25 சதவீதமாகக் குறைந்தது. "வட்டி குறைப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஆனால் உங்க கடன் நிலையான வட்டிக் கடனாக இருந்தால், பாதியில் ரெப்போ குறைந்தாலும் உங்க தவணை மாறாது. தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

அதைவிட நமக்கு முக்கியமான செய்தி 2022-ல் வந்தது, பலருக்குத் தெரியவே இல்லை. வருட வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குத் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு, அந்த வருசம் ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் புது விதிகள் வந்தன. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வருமானம் 12,000 என்றால் தவணை மொத்தம் 6,000-க்குள். வட்டி, கட்டணம் எல்லாம் போட்ட கடன் விவரத் தாளை நமக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. ஆனால் வட்டிக்கு உச்சவரம்பும் கிடையாது. அதனால் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. படிக்கத் தெரியாவிட்டால் குழுக் கூட்டத்தில் கொண்டுவந்து படிக்கச் சொல்லுங்க. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் கூட்டத்தில் பத்து நிமிசம் இதற்கு ஒதுக்கணும். படிக்கத் தெரிந்த ஒருவர் பேப்பரில் வந்த ஒரு விலைச் செய்தியையோ கடன் செய்தியையோ வாசிக்கட்டும். மற்றவர்கள் இந்த மூன்று கேள்வியையும் கேட்கட்டும். வாட்ஸ்அப்பில் வருவதை இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகு மட்டும் பேசுங்க.

கூடவே தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்து சாமான் விலையை மாதாமாதம் எழுதி வையுங்க: அரிசி, பருப்பு, எண்ணெய், தக்காளி, வெங்காயம், தேங்காய், பால், கேஸ், பஸ் கட்டணம், தோட்டக் கூலி. கூலியை விட்டுடாதீங்க. மற்ற ஒன்பதும் ஏறி, கூலி மட்டும் நின்றிருந்தால் நாம் எவ்வளவு பின்னால் போயிருக்கிறோம் என்று அந்தப் பக்கமே காட்டும். கிராம சபையில் பேச, கூலி உயர்வு கேட்க, அதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

ஒரு வருசம் எழுதின பிறகு எல்லாக் குழுவின் பக்கங்களையும் கூட்டமைப்பில் சேர்த்து வைத்துப் பார்ப்போம். அது நம்ம வட்டாரத்தின் கணக்காக இருக்கும், நாமே போட்ட கணக்காக இருக்கும்.